நாற்பது பேர்ச்சஸ் வளவும் ஒரு முருங்கை மரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் பின்வளவுக்கு மேசன் பாஸ் வந்து, கட்டை அடித்து, கயிறு கட்டி, அத்திவாரத்துக்கு அடையாளம் போட்டுவிட்டுப் போனார். தங்கச்சிக்கு வீடு. அல்ஹம்துலில்லாஹ், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கயிறு சரியாக முருங்கை மரத்தின் அடியால் போகிறது. "இதத் தறிச்சிருவம்" என்றார் பாஸ். உம்மா ஒன்றும் பேசவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு போய், எட்டிய கொப்புகளில் இலை ஒடித்துக்கொண்டு வந்தார். அன்று பகல் சோறும் முருங்கையிலைச் சுண்டலும் கூனி போட்ட கத்தரிக்காயும்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் மகள் கேட்டாள்: "மூத்தம்மா, இனி இந்த எலய எங்க வாங்குற?"

வாங்குவதா? முருங்கையிலையையா? எங்கள் மூத்தம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவருடைய காலத்தில் முருங்கையிலையைக் காசு கொடுத்து வாங்கியவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்த நாளிலிருந்து கண்டது சந்தையையும் கடையையும் தம்புள்ள லொறியையும்தான்.

நாங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறோம். பராக்கிரமபாகு கட்டிய குளங்கள், ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகள், சட்டசபை, சுதந்திரம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் இருந்த வளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் பஞ்சம், புயல், கலவரம், சுனாமி என்று எது வந்தாலும் எங்கள் ஊர்களுக்கு முதலில் சோறு போட்டது அந்த வளவுதான். மரம் தறிபடுவதற்கு முன்னால் அதன் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மூத்தம்மாவின் வளவு

அது நாற்பது பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர். சுற்றிவரக் கிடுகு வேலி. வேலிக் கதியாலில் பாதி முருங்கை, மீதி பூவரசு. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழையும் கங்குனும் வல்லாரையும். குசினிக் கதவுக்கு வெளியே கறிவேப்பிலையும் கொச்சிக்காயும். மீன் கழுவிய தண்ணீர் அவற்றுக்குத்தான். ஒரு பக்கம் பந்தல். அதில் பாவலும் பீர்க்கும் புடலும். புடலங்காய் வளையாமல் நீள வேண்டும் என்று நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பின்மூலையில் மரவள்ளி. அதற்கப்பால் ஓர் ஈரப்பலா, ஒரு தேசி, நாலைந்து தென்னை.

எங்கள் கரையோர மண் வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மேலே சாணமும் குப்பையும் அடுப்புச் சாம்பலும் போட்டுத்தான் கன்று நடுவார். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிணற்றடியைச் சுற்றி மட்டும் பச்சை இருக்கும். மாரிக்குச் சற்று முன் விதை போட்டால், மழை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வயலுக்கு மட்டுமல்ல, வளவுக்கும் எங்கள் ஊரில் மாரிதான் பெரிய போகம்.

சுபஹ் தொழுத கையோடு சுளகு எடுத்துக்கொண்டு வளவுக்குப் போவார். பயிற்றங்காயை இழுத்துப் பிடுங்கினால் ஏச்சு விழும். ஒரு கையால் காம்பைப் பிடித்து மற்றக் கையால் காயை மட்டும் ஒடிக்க வேண்டும், ஏனென்றால் அதே காம்பில் திரும்பவும் பூக்கும். கீரையை வேரோடு இழுக்கக் கூடாது, நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் இரண்டு தளிர் வரும். ஒவ்வொரு கொடியிலும் முதலில் வருகிற நல்ல காய் ஒன்றுக்குத் துணித்துண்டு கட்டிவிடுவார். அது விதைக்காய், யாரும் தொடக் கூடாது. முற்றிக் காய்ந்த பிறகு விதையைச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் போட்டு, அடுப்புக்கு மேலே தட்டில் வைப்பார். அந்தத் தட்டுத்தான் எங்கள் குடும்பத்தின் விதைக்கடை.

ஆய்ந்தது முழுவதும் எங்கள் சட்டிக்குப் போனதும் இல்லை. இரண்டு பிடி கீரை மாமி வீட்டுக்கு, ஒரு பீர்க்கங்காய் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்கு. மறுநாள் அந்த வேலிக்கு மேலாலேயே ஒரு வாழைப்பூ வரும். இதற்குக் கணக்கு இல்லை, ஆனால் எல்லோருக்கும் நினைவு இருந்தது.

சேனை என்ற பெயரும் கடல் கடந்த காய்களும்

எங்கள் பகுதி ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். அட்டாளைச்சேனை, சேனைக்குடியிருப்பு. காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனை ஊரின் பெயரிலேயே ஒட்டியிருக்கிறது. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரை 1626 இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பே இங்கு இருந்தவர்களோடு அவர்களும் கலந்தார்கள். 'முஸ்லிம்கள் என்றால் வியாபாரிகள்' என்று மற்ற ஊர்க்காரர் சொல்வார்கள். எங்கள் கரையில் முஸ்லிம் என்றால் முதலில் வயற்காரர், பிறகு மீன்பிடிகாரர், மருதமுனையில் நெசவாளர். கையில் மண் படாத குடும்பம் அரிது.

வளவில் நின்றவை எல்லாம் ஆதியிலிருந்து இங்கே நின்றவை அல்ல. கத்தரி, பாவல், பீர்க்கு, புடல், முருங்கை எல்லாம் இந்தத் தெற்காசிய மண்ணில் மிகப் பழையவை. ஆனால் கொச்சிக்காயும் மரவள்ளியும் பூசணியும் பப்பாசியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியர் கப்பல்களால்தான் இந்தப் பக்கம் வந்தன. போர்த்துக்கேயர் வரும்வரை இலங்கையில் யாரும் கொச்சிக்காய் கடித்ததில்லை, உறைப்புக்கு மிளகுதான். 'கொச்சிக்காய்' என்ற எங்கள் சொல்லில் கொச்சித் துறைமுகத்தின் பெயர் இருக்கிறது என்பார்கள். கங்குன் என்பது மலாய்ச் சொல். ஈரப்பலா பசிபிக் தீவுகளின் மரம்.

வெளியிலிருந்து வந்த செடி ஒன்றை 'இது எங்கட' என்று சொல்ல வைத்தது அரசனோ ஆளுநரோ இல்லை. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு குசினியில், ஒரு பெண் அதை முதன்முதலில் தேங்காய்ப்பாலில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மரவள்ளியை மூடியைத் திறந்து வைத்து அவிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவளும் அப்படி ஒருத்திதான். கிழங்கில் உள்ள நஞ்சு ஆவியோடு போய்விடும் என்று இன்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோம். மூத்தம்மாவுக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் மூடியைத் திறந்துதான் வைப்பார்.

வளவு யாருடையது?

இந்த வரலாற்றின் நடுப்பகுதி இதுதான், இதைப் பேச எங்களுக்கே கொஞ்சம் கூச்சம்.

எங்கள் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம் இரு சமூகத்திலும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்த வழக்கத்தையும் எங்கள் குடிமுறையையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய நூல் 2008 இல் வெளிவந்தது. உலகத்தில் பல இடங்களில் பெண் கல்யாணமாகி அந்நிய வீட்டுக்குப் போகிறாள். எங்கள் பெண்ணோ உம்மாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், அவளை வீட்டை விட்டு யாரும் இறக்கிவிட முடியாது. இது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் வளவும் பெண்களுடையதாக இருந்தது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இங்கினியாகலையில் அணை கட்டிய பிறகு ஆண்களின் வேலை இன்னும் வயல் பக்கம் போனது. தண்ணீர் பாய்ந்த வயல்களில் சிறுபோகமும் செய்ய முடிந்தது. நெல் ஆண்களின் கணக்கு, விற்றுக் காசாக்குவது. கறி பெண்களின் கணக்கு, காசு இல்லாமல் வருவது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமான பிறகு கச்சேரியில் நெற்காணிக்குப் பதிவு இருந்தது. மூத்தம்மாவின் கீரைக்கு எந்தப் பதிவும் இருந்ததில்லை.

ஆனால் அதே வழக்கம்தான் வளவைத் தின்றது. மூத்தம்மாவுக்கு நாலு பெண் பிள்ளைகள். நாற்பது பேர்ச்சஸ் பத்துப் பத்தாகப் பிரிந்தது. உம்மாவுக்கு வந்த பத்தில் முன்பக்கம் ஐந்தும் வீடும் மூத்த பிள்ளையான எங்களுக்கு வந்தது. பின்பக்கம் ஐந்து தங்கச்சிக்கு. ஐந்து பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 126 சதுர மீற்றர். அதில் வீடு, மலக்குழி, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம். மிச்சம் இருப்பது மதில் ஓரத்தில் ஒரு முழம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. எங்கள் முன்வளவுக்குக் கொங்கிறீட் போட்டது நாங்கள்தான். மழைக்குச் சேறு, பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பாடசாலை போக வேண்டும் என்று காரணம் சொன்னோம். அதில் மூத்தம்மாவின் தேசி மரம் போனது. அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கடையில் தேசிக்காய் இருந்ததே.

பசித்த வருடங்கள்

1942 இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசியில் பெரும்பங்கு பர்மா அரிசி. அது நின்றதும் நாட்டில் பங்கீடு வந்தது. அரிசிக் கூப்பன் என்ற சொல் எங்கள் மொழிக்குள் வந்தது அப்போதுதான். நெல் விளைகிற பகுதியாக இருந்தும் எல்லார் வீட்டிலும் வயல் இல்லை. கூலிக்கும் கடலுக்கும் போன குடும்பங்கள் கிழங்கையும் கீரையையும் பிடித்துக்கொண்டார்கள் என்று மூத்தம்மா சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அடுத்தது 1970களின் நடுப்பகுதி. சிறிமா அம்மையார் காலம். மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி நிறுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அது பொற்காலம் என்பார்கள். பாணுக்கு விடியற்காலையில் வரிசை. அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு, வழியில் சோதனை. அந்த வருடங்களில் மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் பலருக்கு இராச்சாப்பாடு. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வந்தபோது பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தார்கள். அந்த வகுப்புகளில் படித்த எங்கள் வாப்பா இன்றைக்கும் பாத்தி கட்டினால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும்.

பிறகு 1978 நவம்பர் 23. சூறாவளி. மட்டக்களப்பிலும் எங்கள் கரையிலும் தென்னைகள் தீக்குச்சி மாதிரி முறிந்தன. கூரை போனது, வயல் போனது. நிலத்துக்கு மேலே நின்றதெல்லாம் விழுந்த பிறகு, நிலத்துக்குக் கீழே இருந்தது மட்டும் மிஞ்சியது. மரவள்ளி, வத்தாளங்கிழங்கு. விழுந்த தென்னையின் குருத்தைச் சாப்பிட்டோம் என்று உம்மா சொல்வார். முருங்கை அடியோடு முறிந்தது, ஆனால் முறிந்த கட்டையிலிருந்து முதலில் துளிர்த்ததும் அதுதான். விழுந்த கொப்புகளை அப்படியே துண்டு போட்டு வேலிக்கு நட்டார்களாம்.

நல்ல காலம் வந்தது

1977 இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கடைகளில் சாமான் நிறைந்தது. எங்கள் ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் சவூதி, குவைத், கட்டார் என்று போனார்கள். காசு வந்தது, கல்வீடு வந்தது. கிடுகு வேலி மதிலானது. மதில் வந்தபோது வேலியில் நின்ற முருங்கைகள் போயின. வேலிக்கு மேலால் போன பீர்க்கங்காயும் நின்றுபோனது. வளவைப் பார்த்த சில பெண்கள் பாலைவன நாட்டு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் இங்கே காய்கறி வாங்கப்பட்டது.

முன்பு பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து பெண்கள் கூடையில் கீரையும் கத்தரிக்காயும் கொண்டு வாசலுக்கு வருவார்கள். மூத்தம்மா அவர்களோடு தேங்காய்க்குக் கீரை என்று மாற்றுவார், பேச்சு அஸர் வரை போகும். 1990 அதைக் கிழித்தது. அந்த வருடம் இரண்டு பக்கமும் பட்டதை இங்கே எழுதி முடிக்க முடியாது. தமிழ் வீடுகளில் ஆட்கள் காணாமற்போனார்கள். காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மேற்கே வயற்பக்கம் போகப் பயந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ போகங்களை விட்டார்கள். கூடைக்காரப் பெண்களும் நெடுநாள் வரவில்லை. அந்த இடைவெளியில் லொறி வந்தது. 1999 இல் தம்புள்ளயில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பிறகு கரட், போஞ்சி, லீக்ஸ், கோவா எல்லாம் நாள் தவறாமல் கல்முனைச் சந்தைக்கு வந்தன. நல்ல காய்கறிதான், குறை இல்லை. ஆனால் எங்கள் சட்டி இருநூறு கிலோமீற்றர் அளவுக்குத் தூரத்துப் பாதையொன்றில் தொங்கத் தொடங்கியது.

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26 பற்றி எங்கள் ஊரவருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் ஜனாஸா இல்லாத தெரு இல்லை.

வளவைப் பற்றி மட்டும் சொல்கிறோம். கிணறெல்லாம் உப்பு. வாழை கருகியது, கொச்சிக்காய் கருகியது, கறிவேப்பிலை நின்ற இடத்திலேயே காய்ந்தது. இறைத்து இறைத்துக் கிணற்றைச் சுத்தம் செய்யப் பார்த்தோம். அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்புத்தான் மேலே வரும் என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். கடைசியில் காப்பாற்றியது மாரி மழை. தண்ணீர் நிற்காது என்று நாங்கள் குறை சொன்ன அதே மணல், மழை பெய்யப் பெய்ய உப்பையும் நிற்கவிடாமல் கழுவியது. இலை முழுவதும் கொட்டி நின்ற முருங்கையை உம்மா இடுப்பளவில் தறித்து, தறித்த இடத்தில் சாணம் அப்பிவிட்டார். அடுத்த மாரியில் துளிர்த்தது. இன்று பாஸ் கயிறு கட்டியிருப்பது அந்த மரத்துக்குத்தான்.

சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள், பிறகு எல்லையைக் குறைத்தார்கள். '65 மீற்றர்' என்ற சொல் எங்கள் பகுதியில் வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. கடலோரத்திலிருந்து எழுந்த குடும்பங்கள் சில மாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. வீடு கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் மூன்றாம் மாடியில் மரவள்ளி நட முடியாது. பல வளவுகளின் கதை அன்றோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை

2011 இல் திவிநெகும என்று பத்து இலட்சம் வீட்டுத் தோட்டங்களுக்கான திட்டம் வந்தது. 2020 இல் கொரோனா ஊரடங்கின்போதும் விதைப் பைகள் வந்தன. 2021 இல் இரசாயன உரம் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, அந்த வருட முடிவுக்குள் தடை நீங்கியது. எங்கள் வயற்காரர்கள் அந்த அடியை இன்னும் மறக்கவில்லை.

2022 இல் எல்லாம் ஒன்றாக விழுந்தன. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பாடசாலை நடத்தக்கூட முடியவில்லை. தம்புள்ள லொறி வராத நாட்களில் சந்தை வெறிச்சோடியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபாய். அந்த ஜூனில் அமைச்சரவை அரச ஊழியர்களுக்கு மூன்று மாதம் வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது, எரிபொருளை மிச்சப்படுத்துங்கள், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று. எங்கள் தெருவில் ஒரு காக்கா ஜும்ஆ முடிந்து வரும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "லீவு இரிக்கி, மம்பட்டி இரிக்கி. கொத்துறதுக்கு நெலம் எங்க?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

அந்த நோன்பு காலத்தில் எங்கள் பின்வளவு ஐந்து பேர்ச்சஸ்தான் எங்களைத் தாங்கியது. நாளுக்கு ஒரு பிடி முருங்கையிலை கஞ்சிக்குப் போனது. ஸஹருக்குப் பசளிக்கீரையும் ஒரு முட்டையும். பக்கத்தில் நாலு வீட்டுக்கு இலை கொடுத்தோம். மதில் வந்த பிறகு எங்களோடு அதிகம் பேசாதிருந்த ஒரு வீட்டுப் பிள்ளை கேற்றடியில் வந்து நின்று, "உம்மா கொஞ்சம் எல கேட்டா" என்றது. இலையோடு இரண்டு மரவள்ளிக் கட்டையும் கொடுத்துவிட்டார் உம்மா. அடுத்த வாரம் அங்கிருந்து நாலு ஈரப்பலாக்காய் வந்தது.

இந்த வரலாறு சொல்வது என்ன?

பஞ்சமும் புயலும் சுனாமியும் வளவை அழித்தன என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். வரிசையாக எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு கஷ்ட காலத்திலும் வளவு திரும்பத் துளிர்த்தது. அதைக் குறைத்தது பெரும்பாலும் நல்ல காலம். மதில், கொங்கிறீட், கடையில் நிறைந்த சாமான், பிள்ளைக்கு ஒரு வீடு. இதில் எதையும் தப்பு என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. தங்கச்சிக்கு வீடு வேண்டும், அது அவளுடைய உரிமை. மரத்தைக் காப்பாற்ற வீட்டை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அரசாங்கம் தந்த விதைப் பைகள் ஏன் எங்கள் ஊரில் முளைக்கவில்லை என்று கேட்டால், எங்கள் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நிலம் போய்விட்டது, நிலத்தோடு கைப்பழக்கமும் போய்க்கொண்டிருக்கிறது. நிலத்தை நாங்கள் திரும்பக் கொண்டுவர முடியாது. கைப்பழக்கத்தைக் கொண்டுவரலாம். போன தவணை ஏழாம் வகுப்புக்குப் பத்து வகை இலை கொண்டுபோய் மேசையில் வைத்தோம். கறிவேப்பிலையையும் முருங்கையையும் எல்லோருக்கும் தெரிந்தது. முசுட்டையையும் குறிஞ்சாவையும் பொன்னாங்கண்ணியையும் சொன்னது ஒரே ஒரு பிள்ளை. "எங்கட மூத்தம்மா சுண்டுவா" என்றாள். அந்த மூத்தம்மாவை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ் வருவார்.

பாடசாலை மதில் ஓரம், பள்ளிவாசல் வளவு, வீதியோரத்தில் வீட்டுக்கு முன்னால் இருக்கிற இரண்டு அடி, மொட்டை மாடி, பழைய உரப்பை. ஐந்து பேர்ச்சஸ் ஊருக்கு இவைதான் இனி வளவு. மரம் நட்டவருக்கு, அதில் ஒரு பறவை கொத்தித் தின்றாலும் தர்மத்தின் நன்மை உண்டு என்று சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்தோம். மூத்தம்மா அதைப் படித்ததில்லை, செய்தார்.

முருங்கையை வருகிற சனிக்கிழமை தறிக்கிறோம். கைப்பருமன் கொப்புகளை நாலடித் துண்டுகளாக வெட்டி, நுனியில் சாணம் அப்பி, நிழலில் வைப்போம். இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு நட வேண்டும். மாரிக்கு முன் நட்டால் பிடித்துக்கொள்ளும். இருபது துண்டாவது வரும். ஒன்று தங்கச்சியின் புது வீட்டு மதில் மூலைக்கு. அந்த ஒரு முழத்தை விடச் சொல்லிப் பாஸிடம் பேசியாகிவிட்டது. ஒன்று எங்களுக்கு, அதற்காக முன்வாசல் கொங்கிறீட்டில் ஒரு சதுரத்தை உடைக்கப் போகிறோம். மற்றதெல்லாம் ஊருக்கு.

வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். காசு வேண்டாம். உங்கள் மூத்தம்மாவின் வளவில் என்ன நின்றது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதிவைக்கிறோம்.

வஸ்ஸலாம்.